பிறர் துன்பத்துக்கு நாம் விளக்கம் சொல்லலாமா? – ஒரு கேள்விக்குப் பதில்

இலங்கை மலையகத்தில் பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கை அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "கீர்க்ககார்ட், தஸ்தாயெவ்ஸ்கி, காம்யு ஆகியோரை வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். சாமி நம்பிக்கை போய்விடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எனக்கு வேறொரு சந்தேகம். துன்பம்தான் மனிதரை உயர்த்துகிறது என்று இவர்கள் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அப்படியானால் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) எங்கள் தாத்தா பாட்டிமார் பட்டதெல்லாம் நன்மைக்குத்தானா?"

இரண்டாவது கேள்விதான் கனமானது, அதிலிருந்தே தொடங்குகிறேன். ஒருவர் தாம் பட்ட துன்பத்துக்குத் தாமே ஒரு பொருள் காண்பது வேறு. அதைப் படாத நாம் வெளியே நின்றுகொண்டு காரணம் கற்பிப்பது வேறு. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு வாசித்தால், இவர்கள் எல்லோரும் துன்பத்துக்கு வக்காலத்து வாங்குவதாகவே தோன்றும்.

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தாயெவ்ஸ்கியின் 'கரமாசவ் சகோதரர்கள்' நாவலில் 'கலகம்' என்றொரு அத்தியாயம் இருக்கிறது. அதில் இவான் தன் தம்பி அலியோஷாவிடம் ஒரு சம்பவத்தைச் சொல்கிறான். இரண்டாயிரம் பண்ணையடிமைகளை உடைய ஒரு தளபதியின் வேட்டைநாய்க்கு, எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் விளையாட்டாக எறிந்த கல் காலில் பட்டுவிடுகிறது. மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையின் ஆடையைக் களைந்து, ஓடச் சொல்லி, தாயின் கண்ணெதிரிலேயே நாய்களை ஏவி விடுகிறார்கள். கங்காணியும் துரையும் வைத்ததே சட்டம் என்றிருந்த காலத்துக் கதைகளைப் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பண்ணை அந்நியமானதல்ல. உலகம் ஒருநாள் முழுமையான இணக்கத்தை அடையும், அப்போது எல்லாவற்றுக்கும் பொருள் விளங்கும் என்று சொல்வோருக்கு இவான் தரும் பதில் என்னவென்றால், அந்தப் பிள்ளையின் கண்ணீரை விலையாகக் கேட்கும் இணக்கம் தனக்கு வேண்டாம், நுழைவுச்சீட்டைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்பதே. ஒரேயொரு குழந்தையை வதைத்துத்தான் மனித குலத்தின் இன்பத்தைக் கட்டியெழுப்ப முடியுமென்றால் அதற்கு நீ உடன்படுவாயா என்று அவன் கேட்கும்போது, துறவு மடத்தில் வாழும் அலியோஷாவே மாட்டேன் என்கிறான்.

இதை எழுதியவர் நாத்திகர் அல்லர். கிறிஸ்துவை விடாமல் பற்றிக்கொண்டிருந்தவர். 1878 இல் மூன்று வயதும் நிரம்பாத தம் மகன் அலியோஷாவை அவர் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டு இந்த நாவல் தொடராக வெளிவரத் தொடங்கியபோது அதன் நாயகனுக்கு அந்தப் பெயரே இருந்தது. தம் நம்பிக்கைக்கு எதிரான ஆகக் கூர்மையான வாதத்தைத் தாமே எழுதிய அந்த நேர்மைக்காகவே அவரை நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் 'கொள்ளை நோய்' நாவல் 1947 இல் வெளிவந்தது. அதில் வரும் பானலூ பாதிரியார், நோய் என்பது நீங்கள் செய்த பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று முதலில் பிரசங்கம் செய்கிறார். பிறகு ஒரு நீதிபதியின் சின்ன மகன் இரவெல்லாம் துடித்துச் சாவதைக் கட்டிலருகே நின்று பார்த்தபின் அவரால் அப்படிப் பேச முடியவில்லை. நம்பிக்கையற்ற மருத்துவர் ரியேவும் அந்தப் பாதிரியாரும் கடவுளைப் பற்றி உடன்படாமலே, நோயாளிகளிடம் சேர்ந்து வேலை செய்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று நம் மலையகத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியபோது தலைவிதி என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் அது சரியக்கூடிய இடம் என்ற எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்தது. விதி என்று சொல்லிவிட்டால் அந்த மக்கள் ஏன் இன்னும் அங்கேயே இருக்க நேர்ந்தது என்ற கேள்வி எழாமலே போய்விடும். ஆகவே, தங்கையே, தாத்தா பாட்டிமார் பட்டது நன்மைக்குத்தான் என்று இந்த இருவரில் எவரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கஷ்டத்திலும் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம் என்று பாட்டி தாமே சொன்னால் அது அவருக்குரிய சொல். தோட்ட நிர்வாகமோ நாமோ அதை எடுத்தாள முடியாது.

இனி, வீட்டாரின் பயம். டென்மார்க்கின் கிறிஸ்தவச் சிந்தனையாளர் கீர்க்ககார்ட் 1843 இல் எழுதிய 'அச்சமும் நடுக்கமும்' நூல், கடவுளின் கட்டளைப்படி மகனைப் பலியிடப் புறப்பட்ட, பைபிளில் வரும் ஆபிரகாமைப் பற்றியது. நமக்குச் சிறுத்தொண்டர் கதை தெரியும். சீராளனைத் தாய் பிடிக்கத் தந்தை அரிந்தார் என்று குருபூசையில் கேட்டிருப்போம். அங்கே மனைவியும் உடன் நிற்கிறார். ஆபிரகாமோ மனைவியிடமும் மகனிடமும் வாய் திறக்க முடியாமல் மூன்று நாள் வழி நடக்கிறார். அந்த மூன்று நாளைத்தான் கீர்க்ககார்ட் விடாமல் நோக்குகிறார். அறம் கொலை என்று சொல்வதை நம்பிக்கை பலி என்று சொல்லும்போது அந்த மனிதருக்கு எப்படி உறக்கம் வரும் என்று கேட்கிறார். நம்பிக்கை இலகுவானது என்ற எண்ணத்தை இந்த நூல் குலைக்கும். நம்பிக்கையைக் குலைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். விரதத்தையும் கோயிலையும் விடாமலே இதை வாசிக்கலாம்.

வாசிக்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். 'கலகம்' அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். இவானுக்கான பதில் அடுத்து வரும் சோசிமா துறவியின் பகுதியில் இருப்பதால் அதைத் தாண்டிப் போக வேண்டாம். அதன்பின் காம்யு, பிறகு கீர்க்ககார்ட். ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். துன்பத்தைவிட, அது எதற்காக என்ற கேள்விக்கு விடையில்லாமையே மனிதரால் தாங்க முடியாதது என்று 1887 இல் அவர் எழுதினார். இவான் சொன்னதைக் கேட்டபின் அதை வாசித்தால், விடை கிடைத்தாலும் ஏற்கக் கூடாத துன்பம் உண்டா என்று அவரிடம் நீங்களே திருப்பிக் கேட்பீர்கள்.