பதினோரு வரவேற்பும் ஒரு பட்டறையும்

நேயர்களுக்கு வணக்கம்.

மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு, ஏழெட்டு நாடுகளைத் தரைவழியாகக் கடந்து 'நல்லெண்ணப் பயணம்' போய்வருவதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். கொடியசைத்து வழியனுப்பும் படமும் கூடவே வந்திருக்கும். அந்தப் படத்துக்கு முன்னால் நடக்கும் வேலையில் எனக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. மாணவர்கள் எழுதிக்கொண்டுவரும் பயணத் திட்டங்களைப் படித்துக் குறை சொல்வது என் வேலை. சில ஆண்டுகளாகச் செய்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

திட்டங்கள் எல்லாம் ஒரே வார்ப்பு. எந்தக் கல்லூரியில் வரவேற்பு, யாருக்கு என்ன நினைவுப்பரிசு, சட்டையில் எந்தப் பக்கம் சின்னம் என்று பத்துப் பக்கம் போகும். எல்லைச் சாவடிக்கு அரைப் பக்கம். நான் முதலில் கேட்பது, "கார்னே யார் கையில் இருக்கப்போகிறது?" என்பதுதான். பாதிப் பேர் விழிப்பார்கள்.

வெளிநாட்டு வண்டி ஒன்று நாட்டுக்குள் வந்தால் இறக்குமதி வரி கட்ட வேண்டும். 'இது விற்க வந்த வண்டி அல்ல, திரும்பிப் போய்விடும்' என்று வண்டி புறப்படும் நாட்டின் மோட்டார் சங்கம் ஜாமீன் நிற்கிறது. அதற்கான புத்தகம்தான் கார்னே. எல்லா நாடும் கேட்பதில்லை. இரான், பாகிஸ்தான், இந்தியா என்று போகிறவர்களுக்கு அது இல்லாமல் தீராது. அதன் ஒவ்வொரு தாளிலும் மூன்று துண்டுகள். உள்ளே நுழையும்போது சுங்க அதிகாரி ஒன்றைக் கிழித்துக்கொள்வார், வெளியேறும்போது இன்னொன்றை. மூன்றாவது, புத்தகத்திலேயே தங்கும் அடிக்கட்டை. அதில் நுழைந்த முத்திரை, வெளியேறிய முத்திரை இரண்டும் விழுந்திருக்க வேண்டும். இரண்டாவது விடுபட்டால் வண்டி அந்த நாட்டிலேயே தங்கிவிட்டதாகக் கணக்கு. வரி கேட்டுக் கடிதம் வரும். ஜாமீன் நின்றவர் தலையில் விடியும்.

ஆகவே இரவு பதினொரு மணிக்கு, மழையில், பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, அடிக்கட்டையைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று நிற்கிற ஒருவர் குழுவில் வேண்டும். வரவேற்பில் நன்றி சொல்கிறவர் யாராக இருந்தாலும் சரி.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியிலும் 1949 ஜெனீவா உடன்படிக்கையின் வகை, 1968 வியன்னா உடன்படிக்கையின் வகை என்று முக்கியமாக இரண்டு உண்டு. எந்த நாடு எதை ஏற்கிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் போதும்.

எனக்கும் மாணவர்களுக்கும் உண்மையான சண்டை வருவது வேகத்தில். நாளுக்கு 450 கிலோமீட்டர், 500 கிலோமீட்டர் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். இதற்குப் பதில் சொல்ல எப்போதும் ஒரு பழைய பயணத்தைத்தான் எடுப்பேன். 1955 செப்டம்பர் 1 அன்று ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பினார்கள். சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது 1956 மார்ச் 6. ஏறக்குறைய 18,000 மைல், அதாவது சுமார் 29,000 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 155 கிலோமீட்டர்தான் வருகிறது. பர்மாவில் போர்க்காலத்தில் போட்ட ஸ்டில்வெல் சாலையும் அவர்கள் வழியில் இருந்தது. நல்லெண்ணம் என்ற சொல்லை அவர்கள் வண்டியில் எழுதிக்கொள்ளவில்லை. தூரக்கிழக்குப் பயணம் என்றுதான் பெயர்.

அந்த ஆறு பேரும் சாதாரண ஆட்கள் அல்லர். படம்பிடிக்கப் போன பாரிங்டன் பிரவுன்தான், 1953இல் டி.என்.ஏ. மாதிரியின் அருகே, அதன் வடிவத்தைக் கண்டறிந்த வாட்சனும் கிரிக்கும் நிற்கும் அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தை எடுத்தவர். ஏட்ரியன் கோவல் பின்னாளில் அமேசான் காடுகள் அழிவதைப் பல ஆண்டுகள் படமாக்கினார். அவர்களுக்குப் படச்சுருள் கொடுத்து உதவியவர் அப்போது பி.பி.சி.யில் இளைஞராக இருந்த, பின்னாளில் இயற்கைப் படங்களால் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோ. மாணவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இந்தப் பயணத்துக்கு லாயக்கில்லை என்று நான் சொல்வதுண்டு. கொடுக்கத்தான் போகிறோம் என்று பெட்டி நிறைய நினைவுப்பரிசோடு கிளம்புகிறவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

அந்த இரண்டு வண்டிகளில் ஒன்றைப் பிற்காலத்தில் செயிண்ட் ஹெலினா தீவில் கண்டுபிடித்துச் செப்பனிட்டார்கள். அதே வண்டி 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்பிப் போயிற்று. 111 நாள் ஆயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு என் பேச்சைக் கேட்காமல் 450 கிலோமீட்டரோடு கிளம்பியது. மலைப்பாதை ஒன்றில் பின்பக்க ஸ்பிரிங் பட்டை முறிந்தது. சாலையோரப் பட்டறைக்காரர் ஒருவர், பழைய லாரி ஒன்றின் பட்டையை அளந்து அறுத்து, உலையில் காய்ச்சித் துளையிட்டுப் பொருத்திக் கொடுத்தார். இரண்டு நாள் வேலை. இரண்டு இரவும் அவர் வீட்டிலேயே படுக்கை. பேசப் பொது மொழி கிடையாது. பட்டைக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டாராம்.

திரும்பி வந்ததும் அறிக்கை கொடுத்தார்கள். பதினோரு வரவேற்புகள், பேசியவர்களின் பெயர், பதவி, படம் எல்லாம் சுத்தமாக இருந்தன. பட்டறை ஒரே வரியில்: 'உள்ளூர்வாசி ஒருவர் உதவினார்.'

"அவர் பெயர் என்ன?" என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு மாணவி பைக்குள் துழாவி, எண்ணெய்க் கறை படிந்த குறிப்பேட்டை எடுத்தாள். பட்டறைக்காரரின் மகன் தன் எழுத்தில் ஏதோ எழுதிக் கொடுத்திருந்தான். அவர்களில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. அது பெயரா, முகவரியா என்றுகூடத் தெரியாது.

அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மொழி தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க அவர்களுக்கு நான்கு நாள் பிடித்தது. பெயர்தான் எழுதியிருந்தான், அப்பாவின் பெயரும், கீழே தன் பெயரும்.

வணக்கம்.