ரேஷன் கார்டு உறைக்குள் ஒரு சீட்டு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டுப் பெரம்பூர் மண்டபம் வரை வந்திருக்கும் அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். புற்றுநோய், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று வருடக்கணக்கில் கூடவே வரும் நோய்களுக்காக அரசு எடுத்து வைக்கும் அடுத்த ரூபாய் முதலில் எங்கே போக வேண்டும்? ஆராய்ச்சிக்கா, வீடு தேடிப் போகும் பரிசோதனைக்கா? நான் பரிசோதனை அணி. இந்தத் தலைப்பில் பேசினால் நோயைப் பற்றிய அந்தக் குறளைச் சொல்லியாக வேண்டும். எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள். எதிரணித் தலைவர் இரண்டு தடவை சொன்னார். எனக்கு அந்த வேலை மிச்சம்.

நான் வட சென்னையில் முப்பது வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மேடைப் பேச்சு பழக்கமில்லை, ஊசி போட்டுத்தான் பழக்கம். எதிரணிக்கு வலித்தால் சொல்லுங்கள், பஞ்சு வைத்துத் தேய்த்துவிடுகிறேன்.

எதிரணித் தலைவர் பேராசிரியர் ஐயா அழகாகப் பேசினார். "எதனால் வருகிறது என்றே தெரியாத நோயை எதை வைத்துத் தேடப் போகிறீர்கள்? முதலில் கண்டுபிடியுங்கள், அப்புறம் கதவைத் தட்டுங்கள்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் யோசித்தேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் எதனால் வருகிறது என்று தெரியாதா என்ன? ஹெச்பிவி என்ற வைரஸால் வருகிறது. அதைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹாவ்சனுக்கு 2008இல் நோபல் பரிசே கொடுத்தாகிவிட்டது. அந்த வைரஸ் ஒட்டிய மறுநாள் புற்றுநோய் வந்து நிற்பதில்லை. பத்து வருடம், பதினைந்து வருடம் எடுத்துக்கொண்டு மெதுவாக, முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருகிறது. சென்னையில் எந்த வீட்டுக்காரரும் அவ்வளவு அவகாசம் தருவதில்லை.

அந்த நோட்டீஸைப் படிக்கக் கோடி ரூபாய் மெஷின் வேண்டுமா? காடி போதும். ஊறுகாய்க்கு ஊற்றுகிறோமே வினிகர், அதில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம். நீர்த்த கரைசலைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கெடத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும் இருந்தால் சரி. இது உயிரைக் காப்பாற்றுமா என்று பார்க்க 2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். வந்தவர்கள் 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்கள். 2007இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. சோதனைக்கு அழைத்த ஊர்களில் இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது.

ஐயா, இது ஆராய்ச்சி இல்லையா? நம் மண்ணில், நம் பெண்களை வைத்து, நம் செவிலியர்கள் செய்தது. சோறு வடித்துக் குழம்பும் இறக்கியாகிவிட்டது. பந்தியில் ஆட்கள் பசியோடு இருக்கிறார்கள். நீங்களோ அடுப்படியில் நின்றுகொண்டு அடுத்த பதார்த்தம் என்ன என்று யோசிக்கிறீர்கள்!

பந்தியில் எத்தனை பேருக்குப் பரிமாறினோம் என்றும் பார்த்துவிடுவோம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுப் பெண்களிடம், கர்ப்பப்பை வாய்ச் சோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டீர்களா என்று கேட்டார்கள். நாடு முழுக்க நூற்றுக்கு இரண்டு பேர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. தமிழ்நாடு முன்னிலையில் இருக்கிறது, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த முன்னிலையும் நூற்றுக்குப் பத்தைத் தாண்டவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2030க்குள் எழுபது பேர் என்று இலக்கு வைத்திருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கை தூக்கச் சொல்லலாம் என்றுதான் நினைத்து வந்தேன். வேண்டாம், பக்கத்து நாற்காலியில் மாமியார் இருப்பார்.

சரி, ஊருக்கு ஊர் முகாம் போட்டால் முடிந்ததா? இங்கே நான் என் அணியையே கொஞ்சம் கடிக்கப் போகிறேன். நடுவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வியாசர்பாடியில் ஒரு அக்கா இட்லிக்கடை போட்டிருந்தார். விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு, பத்தரைக்குக் கடை கட்டுவார், அப்புறம் பாத்திரம், மத்தியானம் மறுநாளைக்கு மாவு. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம் நடந்தது. பந்தல், பேனர், ரோஸ் கலர் பலூன் எல்லாம் உண்டு. அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது நான்தான். "எனக்கென்ன சீக்கு? உளுந்து வாங்கணும், விடும்மா" என்றார். மேஜையில் படுத்ததும் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். காடி தடவி ஒரு நிமிடம் எண்ணினோம். வெள்ளை தெரிந்தது.

அந்த நிலையில் பயப்பட ஒன்றுமே இல்லை. கெட்ட இடத்தை மட்டும் உறையவைத்தோ சூடு வைத்தோ அழித்துவிடலாம். மயக்க மருந்து வேண்டாம், வார்டில் படுக்க வேண்டாம், கூடிப்போனால் கால் மணி நேரம். ஆனால் அதற்கான கருவி அன்றைக்கு அங்கே இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதினேன், 'மேல் பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரி செல்லவும்'. சீல் குத்தினேன். அடுத்தவங்க வாங்க என்றேன்.

அக்கா போகாமல் இல்லை. கடையைப் பாதியில் கட்டிவிட்டு இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார். ஓபி சீட்டு கொடுக்கும் ஜன்னலை மூடிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை வாங்கம்மா என்றார்களாம். அந்தச் செவ்வாய் மகளுக்குப் பரீட்சை. அடுத்த செவ்வாய் மழை. அதற்கடுத்த செவ்வாய் எதுவும் இல்லை, ஆனால் வலியும் இல்லை. வலிக்காத நோய்க்காக ஒரு நாள் வியாபாரத்தை யார் விடுவார்கள், சொல்லுங்கள்.

நாலு வருடம். அந்த நாலு வருடத்தில் அவர் கடையில் நான் எத்தனை இட்லி தின்றிருப்பேன்! ஒரு நாள்கூட, "அக்கா, அந்தச் சீட்டு என்னாச்சு?" என்று கேட்கவில்லை. எனக்கு ஞாபகமே இல்லை. எங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே சோதனை முடிந்தது என்று டிக் இருந்தது. டிக் போட்ட பெயரை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. உதிரப்போக்கு நிற்காமல் வந்தபோது நோய் கர்ப்பப்பையைத் தாண்டிவிட்டது. வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஒரு மாதத்துக்கு மேல் கதிர் சிகிச்சை. செலவை அரசுக் காப்பீடு பார்த்துக்கொண்டது, அதற்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பூட்டிக் கிடந்த இட்லிக்கடைக்குத்தான் எந்தக் காப்பீடும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மகள் என்னிடம் வந்தாள். ரேஷன் கார்டில் அம்மா பெயரை நீக்க வேண்டும், எங்கே போகணும் ஆன்ட்டி என்று கேட்டாள். பழைய பிளாஸ்டிக் உறையோடு கார்டைக் கொடுத்தாள். உறைக்குள் நாலாய் மடித்து அந்தச் சீட்டு இருந்தது. கையெழுத்து என்னுடையது.

தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

ஆக, நான் இந்த மேடையில் பரிசோதனை என்று சொல்வது பந்தலையும் பலூனையும் அல்ல. வெள்ளை தெரிந்தால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே சிகிச்சை. முடியாவிட்டால் பெயரும் விலாசமும் எழுதிய ஒரு பட்டியல். அந்தப் பட்டியலோடு வீட்டுக்குப் போய், போனீர்களா, ஏன் போகவில்லை, நாளைக்கு நான் கூட வரட்டுமா என்று கேட்கும் ஒரு ஆள். சாயங்காலமும் திறந்திருக்கும் ஒரு ஜன்னல். ரூபாய் போக வேண்டியது இதற்குத்தான்.

அந்த ஆள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதற்கு 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்ணுக்கு எந்த வீட்டில் மாமியார் மருமகள் பேசுவதில்லை, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது வரை தெரியும். அவர் பையில் இன்னும் ஒரு பட்டியலுக்கு இடம் இருக்கிறது. அவருடைய ஊதியத்திலும்தான் நிறைய இடம் இருக்கிறது, அதை வேறொரு பட்டிமன்றத்தில் பேசலாம். 2023 நவம்பரில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி என நாலு மாவட்டங்களில் புற்றுநோய்ச் சோதனைக்கு முன்னோடித் திட்டம் தொடங்கினார்கள். எத்தனை பேரைச் சோதித்தோம் என்ற கணக்கு பேப்பரில் வரும். வெள்ளை தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள் என்பதும் அதே அளவு எழுத்தில் வரட்டும் என்கிறேன்.

எதிரணியில் டாக்டருக்குப் படிக்கும் தம்பி தென் கொரியாவைக் கொண்டுவந்தார். அங்கே கண்டவர்களுக்கெல்லாம் தைராய்டை ஸ்கேன் செய்தார்கள், 1993இலிருந்து 2011க்குள் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு பதினைந்து மடங்கு ஏறியது, சாவு மட்டும் குறையவே இல்லை என்றார். தம்பி, அத்தனையும் உண்மை. தேட வேண்டாததைத் தேடிக் கழுத்தை அறுத்த கதை அது. ஆடித் தள்ளுபடி மாதிரி உடம்பு முழுக்க ஸ்கேன் என்று விளம்பரம் வருகிறதே, அதில் எனக்கும் உங்கள் அளவுக்குக் கோபம் உண்டு. 2016இல் மத்திய அரசு வகுத்த வழிமுறை மூன்றே மூன்றைத்தான் தேடச் சொல்கிறது. வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய். வயது 30 முதல் 65. மூன்றுக்கும் நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்த ஆதாரம் உண்டு. திருவனந்தபுரத்தில் 1996இலிருந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், புகையிலையோ குடியோ பழகியவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் தொடர்ந்தார்கள். கையால் தொட்டுப் பார்க்கும் சோதனைதான், 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழே உள்ள வயதில் பலன் தெரியவில்லை. அதை நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

இன்னொருவர், சென்னையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தானாகவே குறைகிறதே, பின் எதற்குச் சோதனை என்றார். குறைவது நிஜம். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் 1980களின் தொடக்கத்திலிருந்து வைத்திருக்கும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்தால் பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. கல்யாண வயது ஏறியது, பிள்ளை எண்ணிக்கை குறைந்தது, வாழ்க்கை வசதி கூடியது. அதே பதிவேட்டில் மார்பகப் புற்றுநோய் ஏறி முதலிடத்துக்கு வந்துவிட்டது. அதையும் பார்த்திருக்கலாம். சராசரி குறைந்தது என்பது அந்த இட்லிக்கடைக்குத் தெரியாது.

கடைசியாக எதிரணியின் பிரம்மாஸ்திரத்துக்கு வருகிறேன். சேத்துப்பட்டு. 1956இல் அங்கே காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள், சென்னை ஆராய்ச்சி உலகத்தையே மாற்றியது என்று பேராசிரியர் ஐயா சொன்னார். மாற்றியதுதான். ஆனால் அந்த ஆராய்ச்சி என்ன சொன்னது என்று ஐயா சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாரே! அதுவரை காசநோய் என்றால் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை. இவர்கள் சென்னையின் ஏழை வீடுகளில் இருந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தார்கள், மறுபாதிக்கு அதே நெருக்கடியான வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்ததால் குடும்பத்துக்குக் கூடுதலாக ஒட்டவும் இல்லை. 1959இல் அதை வெளியிட்டார்கள். இந்த ஊரின் பெருமைக்குரிய அந்த ஆராய்ச்சி சொன்ன ஒரே வாக்கியம், மருந்தை வீட்டுக்குக் கொண்டு போ என்பதுதான். ஐயா எனக்காகத்தான் அதைக் கொண்டுவந்தார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறில் தொடங்கிய ஆஸ்பத்திரியில் சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒரே கூரைக்குள்தான் வளர்ந்தன. ஒரே ஒரு ஆராய்ச்சியை நானே கேட்கிறேன். சீட்டு எழுதிக் கொடுத்த பெண்களில் எத்தனை பேர் போய்ச் சேரவில்லை, எந்தப் படியில் நின்றார்கள்? ஜன்னலிலா, பஸ்ஸிலா, முந்தானைக்குள்ளா? அதைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி வேண்டாம், ஒரு நோட்டும் ஒரு ஜோடிச் செருப்பும் போதும்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, அந்தச் சீட்டைக் கைப்பையில் கொண்டுவந்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, சீல் மட்டும் தெளிவாக இருக்கிறது. தீர்ப்புச் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டும் என்றால் தருகிறேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.