மூன்று வழி பிரியும் கொடும்பாளூர்

அவைத்தலைவர் அவர்களே, ஊர் வரலாற்றில் ஆர்வம் கொண்டு வந்திருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

திருச்சியிலிருந்து மதுரைக்கு நெடுஞ்சாலையில் போகிறவர்கள், விராலிமலையைத் தாண்டிய சற்று நேரத்தில் ஓர் ஊரைக் கடக்கிறார்கள். திருச்சியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவு. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த அந்த ஊரின் பெயர் கொடும்பாளூர். கிழக்கே புதுக்கோட்டைப் பக்கமும் மேற்கே மணப்பாறைப் பக்கமும் போகும் சாலைகள் அங்கே பிரிகின்றன. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவருக்கு அப்படி ஓர் ஊர் வந்ததே தெரியாது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கொடும்பாளூர் என்றதும் பலருக்கு நினைவு வருவது சோழர் காலத்தைப் பற்றிய புதினங்களும், அவற்றில் வரும் இளவரசி வானதியும்தான். வரலாற்று நூல்களைப் புரட்டினால் இருக்குவேளிர் என்ற குறுநில மன்னர்களின் தலைநகரம் என்று எழுதியிருப்பார்கள். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தலைநகரம் ஆவதற்கு முன்பே அந்த ஊர் ஒரு வழிப்பிரிவாக இருந்தது. தலைநகரப் பெருமை போன பின்னும் வழிப்பிரிவாகவே இருக்கிறது. கொடும்பாளூரில் நடந்த முக்கியமான காரியங்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பாதைப் பிரிவே வேர் என்பது என் எண்ணம்.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையை எடுத்துக்கொள்ளுங்கள். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரை விட்டுத் தெற்கே புறப்பட்டுவிட்டார்கள். வழியில் ஒரு சோலையில் இளைப்பாறுகிறார்கள். அங்கே குடமலை நாட்டு மாங்காடு என்ற ஊரைச் சேர்ந்த முதிய மறையவர் ஒருவர் வந்து சேர்கிறார். திருவரங்கத்தையும் வேங்கடத்தையும் காணப் போகிறவர். மதுரையிலிருந்து வரும் அவரிடம், மதுரைக்கு வழி எது என்று கோவலன் கேட்கிறான்.

வழி சொல்வதற்கு முன் அவர் கண்ணகியைப் பார்த்து வருந்துகிறார். இந்தக் கோடையில் இந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்திருக்கிறாயே என்கிறார். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் நல்லியல்பை இழந்து பாலை என்ற வடிவத்தைக் கொள்ளும் என்று அவர் சொல்வது அந்த இடத்தில்தான். அந்த அடிகளை நாம் எல்லோரும் பள்ளியில் இலக்கணத்துக்கு மேற்கோளாகப் படித்தோம். ஒரு வழிப்போக்கர் இன்னொரு வழிப்போக்கருக்குத் தந்த எச்சரிக்கை அது என்பதை வகுப்பில் யாரும் நமக்குச் சொல்லவில்லை. அவர் எச்சரித்தது கொடும்பாளூருக்குப் போகும் வழியைப் பற்றி.

பாறையும் குன்றும் மயக்கும் பாதைகளுமாகக் கிடக்கிற நெடுவழியைக் கடந்து கொடும்பையின், அதாவது கொடும்பாளூரின், நெடுங்குளக் கரையை அடைந்தால், சிவபெருமான் ஏந்திய மூன்று கிளைச் சூலத்தைப் போல வழி பிரியும் என்கிறார். ‘அறைவாய்ச் சூலத்து அருநெறி கவர்க்கும்’ என்பது அடி. பெரிய ஏரி, அதன் கரை, அங்கே மூன்றாகப் பிரியும் பாதை. ஊரின் முதல் சித்திரம் நமக்குக் கிடைப்பது இப்படித்தான். அரண்மனை இல்லை, கோயில் இல்லை.

பிறகு ஒவ்வொரு வழியாக விளக்குகிறார். அவர் சொல்லும் நிதானத்தைக் கவனியுங்கள். வலப்பக்கத்து வழியில் போனால், தலை விரிந்த மராமரம், காய்ந்துபோன ஓமை, பொரிந்த அடிமரமுள்ள உழிஞ்சில், உலர்ந்த மூங்கில் என்று வறண்ட காடு. தண்ணீர் வேட்கையால் மான்கள் நின்று கூப்பிடும் காடு அது. அதையும் வேட்டுவர்களான எயினர் வாழும் இடங்களையும் கடந்தால் நெல்லும் கரும்பும் தினையும் வரகும் மஞ்சளும் வாழையும் பலாவும் சூழ்ந்த சிறுமலை தெரியும். அதை வலப்பக்கம் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போங்கள் என்கிறார். இடப்பக்கத்து வழியில் வயலும் சோலையும் உண்டு. அது திருமால்குன்றத்துக்குக் கொண்டுபோகும். நாம் இன்று அழகர்மலை என்கிறோம். அங்கே ஒரு குகை வழியும், சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்ற மூன்று பொய்கைகளும் உண்டு. நடுவழி செம்மையான நெறி. ஊர்களும் காடுகளும் மாறி மாறி வரும். ஆனால் அங்கே வழிப்போக்கரை மயக்கும் ஒரு தெய்வம் இருக்கிறது, எச்சரிக்கையாக இருங்கள்.

இப்போது ஒரு வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வடக்கிலிருந்து வருகிறவருக்கு வலக்கைப் பக்கம் திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலை. இடக்கைப் பக்கம் அழகர்மலை. குகையையும் பொய்கைகளையும் பற்றி நீங்கள் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். மலைகள் இரண்டும் அவர் சொன்ன பக்கத்திலேயே இருக்கின்றன. அந்த வழிகளில் நடந்து பழகியவர்களின் வாய்மொழி காப்பியத்துக்குள் வந்திருக்கிறது என்றே நான் நம்புகிறேன். அவர்கள் மூவரும் நடுவழியையே தேர்ந்தார்கள். கோவலன் தண்ணீர் தேடிப் போனபோது கானுறை தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலையின் உருவில் வந்தது. மறையவர் சொன்ன எச்சரிக்கை வீண்போகவில்லை.

இப்படி மூன்று வழிகள் கூடும் இடத்தைக் கையில் வைத்திருப்பவன் யாரோ, அவனுக்கு இரண்டு பேரரசுகளிடமும் மதிப்பு உண்டு. சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாக மரபு சொல்வது வெள்ளாற்றை. அந்த எல்லைப்புறத்துக் கோனாட்டின் தலைநகரமாகக் கொடும்பாளூர் வளர்ந்தது. இருக்குவேளிர் சோழர் பக்கம் நின்றார்கள்; பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். முதலாம் பராந்தகனின் மகன் அரிகுலகேசரியின் மனைவி பூதி ஆதித்த பிடாரி இந்தக் குடியில் பிறந்தவர். திருச்சிக்கு அருகே திருச்செந்துறையில் அவர் எடுப்பித்த கற்கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

வழி கூடும் இடத்துக்குப் படையும் வரும். பாண்டியன் இராசசிம்மன் கொடும்பையில் போரிட்டதைச் சின்னமனூர்ச் செப்பேடு பெருமையாகச் சொல்கிறது. தஞ்சையை நோக்கிப் போக நினைத்த பாண்டியனுக்கு முதலில் எதிர்ப்பட்ட கதவு இந்த ஊர். அந்தப் போர்களில் குளத்தங்கரையில் குடியிருந்தவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்பதை எந்தச் செப்பேடும் எழுதி வைக்கவில்லை.

படை வந்த பாதையிலேயே வணிகரும் வந்தார்கள். மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொல்லத்தில் 849ஆம் ஆண்டு எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அதன் பெயர் இருக்கிறது. கடல் கடந்து, இன்றைய தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டிலும் இருக்கிறது. அங்கே ஒரு குளத்துக்குக் காவலாக மணிக்கிராமத்தார் குறிக்கப்படுகிறார்கள். அதே பெயரில் ஒரு குழு கொடும்பாளூரிலும் இருந்தது. கடலே இல்லாத, ஆறும் ஓடாத மேட்டுநிலத்து ஊர் இது. இங்கே வணிகர் தங்கியதற்குப் பாதையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது அதன் சோறு போடும் குணம். அறுபத்துமூன்று நாயன்மார்களில் இடங்கழியார் கொடும்பாளூரில் இருந்து ஆண்டவர். அடியார்களுக்கு அமுதளித்து வந்த ஒருவர், கையில் ஒன்றும் இல்லாமல் போன ஒரு நாள் இரவில், அரண்மனை நெற்கொட்டகத்தில் புகுந்து நெல் திருடுகிறார். காவலர்கள் பிடித்து மன்னர்முன் நிறுத்துகிறார்கள். ஏன் திருடினாய் என்று கேட்கிறார் மன்னர். அடியார்க்கு அமுதளிப்பது முட்டுப்பட்டது, அதனால் எடுத்தேன் என்கிறார் பிடிபட்டவர். ‘அப்படியானால் எனக்குக் களஞ்சியம் இவரே’ என்று மனமிரங்கிய மன்னர், நெற்கூடுகளையும் நிதியையும் அடியார்கள் கொள்ளையாக எடுத்துக்கொள்ளலாம் என்று பறையறையச் செய்கிறார். நாள்தோறும் பசித்தவர்கள் நடந்து வந்து சேரும் ஊரில்தான் இந்தக் கதை பிறக்கும்.

கதை வேண்டாம், கல்லில் எழுதியதைக் காட்டு என்று கேட்பவர்கள் மூவர் கோயிலுக்குப் போகலாம். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் மன்னன் ஒரே வரிசையில் மூன்று கோயில்களை எடுப்பித்தான். ஒன்று தன் பெயரில். மற்ற இரண்டு தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயரில். சுவரில் உள்ள வடமொழிக் கல்வெட்டு அவன் குடிவழியைச் சொல்கிறது. அதன் தொடக்கம் சிதைந்துபோனதால் குடியின் முதல்வன் பெயர் நமக்கு இல்லை. காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் இப்போது நுழைய வேண்டாம். பத்தாம் நூற்றாண்டு என்று கொண்டால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள்.

அந்தக் கல்வெட்டில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது போர் வெற்றிகளைப் பற்றிய பகுதியை அன்று. காவிரி நீர் பகைவர் குருதியால் சிவந்தது என்று எல்லா மன்னர்களின் புலவர்களும்தான் பாடுவார்கள். அதற்குப் பின் வருவதைப் பாருங்கள். மல்லிகார்ச்சுனர் என்ற, காளாமுகம் என்னும் சைவப் பிரிவைச் சேர்ந்த துறவிக்கு மன்னன் ஒரு பெரிய மடத்தைக் கொடுக்கிறான். ஐம்பது துறவிகளுக்கு உணவளிப்பதற்காகப் பதினொரு ஊர்களை அந்த மடத்துக்கு எழுதி வைக்கிறான். அந்த மல்லிகார்ச்சுனர் மதுரையைச் சேர்ந்தவர். எந்தப் பாண்டியனோடு போர் நடந்ததோ, அந்தப் பாண்டியனின் ஊரிலிருந்து வந்தவருக்குச் சோழர் பக்கத்து மன்னன் மடம் கொடுக்கிறான். பாதை திறந்திருந்த ஊரின் மனம் அப்படி இருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊரின்மேல் மரியாதை கூடுகிறது.

பிறகு ஏன் ஊர் சுருங்கியது? முதலாம் இராசராசன் பாண்டிய நாட்டை வென்றபின் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே ஆட்சி ஆயிற்று. எல்லையே இல்லாதபோது எல்லைக் காவலனுக்கு என்ன வேலை? இருக்குவேளிரின் பெயர் மெல்ல மறைந்ததற்கு இதையே பெரிய காரணமாக நான் பார்க்கிறேன். நாயக்கர் காலத்தில் திருச்சியும் மதுரையும் ஒரே அரசின் இரு தலைநகரங்களாக மாறி மாறி விளங்கின. இடையில் இருந்த கொடும்பாளூர் நாட்டு வரலாற்றில் பின்னுக்குப் போனது.

அந்தப் பெரிய கோயில் தொகுதியில் இன்று நடுக் கோயிலும் தென்கோயிலும் மட்டும் நிமிர்ந்து நிற்கின்றன. வடகோயிலுக்கு அடித்தளமே மிச்சம். சுற்றிலும் சிறிய சன்னிதிகளின் அடித்தளங்கள் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. பக்கத்தில் ஐவர் கோயிலுக்கும் அடித்தளமே எஞ்சியிருக்கிறது. முசுகுந்தேசுவரர் கோயில் முழுதாக இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பு இருப்பதால் மூவர் கோயில் தொகுதி இந்த அளவிலாவது நமக்கு நிலைத்திருக்கிறது.

இந்த அவையில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். காடுகாண் காதையை வகுப்பறைச் சுவருக்குள் முடித்துவிடாதீர்கள். மாணவர்களை ஒரு வரைபடத்தோடு கொடும்பாளூருக்கு அழைத்துப் போங்கள். மறையவர் சொன்ன மூன்று வழிகளையும் அவர்களே பென்சிலால் குறிக்கட்டும். சிறுமலையையும் அழகர்மலையையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். வழிகள் பிரியும் இடத்தில் அந்தப் பாடல் அடிகளைப் பொறித்து ஒரு கல் நட வேண்டும் என்று ஊராட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மூவர் கோயில் மேற்கு நோக்கியது. காலையில் போனால் முகப்பு நிழலில் இருக்கும். பிற்பகலில் போய்ச் சேருங்கள். குடிதண்ணீரைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். கோடையாக இருந்தால் தொப்பியும் வேண்டும்.

நன்றி, வணக்கம்.