ஈரக்குலையும் மூளையும்

எல்லோருக்கும் வணக்கம்.

பயந்துபோனால் நாம் என்ன சொல்கிறோம்? "ஈரக்குலையே நடுங்கிப் போச்சு" என்கிறோம். பயம் பிறப்பது மூளையில், நடுங்குவது ஈரக்குலை, அதாவது கல்லீரல். இந்த வழக்கை முதலில் சொன்னவர் யாரோ, இன்றைக்கு நான் பேச வந்ததில் பாதியை அவரே சொல்லி முடித்துவிட்டார். மீதிப் பாதி கொழுப்பு. அதற்கும் நம்மிடம் வழக்கு உண்டு. திமிராகப் பேசுகிறவனைப் பார்த்து "உடம்பெல்லாம் கொழுப்பு" என்போம். அந்தக் கொழுப்பு வேறு. நான் பேசப்போவது ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் கொழுப்பைப் பற்றி.

"ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்று." உலகில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய பத்துப் பேரில் மூன்று பேருக்கு இப்படி ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, அதனால் இந்த அரங்கிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் ஒருவன். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய் இதை வாங்கிக்கொண்டு வந்தேன். மருத்துவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "ஒரு வலிகூட இல்லையே?" என்பதுதான்.

வலிக்காது. கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்பின் உட்பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லையென்றே சொல்லலாம். மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்குத்தான் அந்த உணர்ச்சி. ஈரல் வீங்கி உறை இழுபட்டால் வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கும். சிலருக்கு வலது தோள்பட்டையில் வலிக்கும், அவர்கள் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஈரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தாலே அது நோய்க்கணக்கில் வந்துவிடும். 20 சதவீதம் சேர்ந்தாலும் ஈரல் வாய் திறக்காது.

அப்படியானால் ஈரலுக்குள் நரம்பே இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அவற்றின் வேலைதான் வேறு.

1849இல் பிரெஞ்சு உடலியலாளர் கிளோத் பெர்னார் ஒரு முயலின் மூளை அடிப்பகுதியில், குறிப்பிட்ட ஓரிடத்தில் ஊசியால் குத்தினார். குத்தியது தலையில். சற்று நேரத்தில் சர்க்கரை வந்தது சிறுநீரில். ஈரல் தன் கையிருப்பிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் கொட்டியிருந்தது. ஈரலின் சரக்கறைச் சாவி ஒன்று மூளையிடமும் இருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அப்புறம் நூறு வருடங்களுக்கு மேல் ஹார்மோன்கள்தான் மேடையை ஆண்டன. இன்சுலின் வந்த பிறகு இந்த நரம்புகளை யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்படிப் பார்க்காததற்கு ஒரு நியாயமும் உண்டு. கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையை 1963இல் தாமஸ் ஸ்டார்ஸல் முதன்முதலாக மனிதரில் செய்து பார்த்தார். இன்றும் அந்த அறுவையில் இரத்தக் குழாய்களை இணைப்பார்கள், பித்தக் குழாயை இணைப்பார்கள், நரம்புகளை யாரும் தைப்பதில்லை. அறுந்த நரம்போடு புது ஈரல் வேலை செய்கிறது, ஆளும் நன்றாக நடமாடுகிறார். அப்புறம் நரம்பு எதற்கு? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொன்னதே அந்த நோயாளிகள்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த திருப்பம்.

அதற்கு முன்னால் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். சாப்பிட்ட எண்ணெய் நேராகப் போய் ஈரலில் உட்கார்ந்துகொள்கிறது என்று நினைக்கிறோம். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோய் உள்ளவர்களின் ஈரல் கொழுப்பை அடையாள மூலக்கூறுகள் கொண்டு பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஏறக்குறைய 60 சதவீதம் உடம்பின் கொழுப்புச் சேமிப்பிலிருந்து கரைந்து வந்தது. கால் பங்கு, சர்க்கரை போன்றவற்றிலிருந்து ஈரல் தானே தயாரித்தது. உணவுக் கொழுப்பிலிருந்து வந்தது 15 சதவீதம்தான். சேமிப்பிலிருந்து கொழுப்பு வெளியேறும் குழாயை மூடிவைப்பது இன்சுலின். அதைத் திறந்துவிடுவதில் பரிவு நரம்புக்கு, அதாவது பயத்திலும் பதற்றத்திலும் நம்மை உசுப்பிவிடும் நரம்புக்கு, பெரிய பங்கு இருக்கிறது. ஈரலுக்குள் போகும் இரண்டு நரம்புக் கூட்டங்களில் ஒன்று இது. இன்னொன்று வேகஸ், மூளையிலிருந்து கழுத்து வழியாக வயிறுவரை இறங்கும் நரம்பு.

வந்த கொழுப்பை ஈரல் அப்படியே வைத்துக்கொள்வதில்லை. பொட்டலம் கட்டி இரத்தத்தில் ஏற்றி அனுப்பும். வரவு மிஞ்சினால், அனுப்புவது குறைந்தால், தேங்கும். இந்த ஏற்றுமதியில் வேகஸுக்குக் கை இருக்கிறதா? 2022இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான ஆண்களுக்கு லெப்டின் ஊசி ஒன்று போட்டார்கள். லெப்டின் என்பது கொழுப்புத் திசு மூளைக்கு அனுப்பும் தகவல். ஈரல் கூடுதலாகக் கொழுப்பை ஏற்றுமதி செய்தது, ஈரலில் கொழுப்பு குறைந்தது. ஊசியே இல்லாமல் உணவை மென்று, சுவைத்து, விழுங்காமல் துப்பச் சொன்னார்கள். வேகஸைத் தட்டி எழுப்ப அது ஒரு வழி. ஏற்றுமதி அப்போதும் கூடியது. பிறகு, கல்லீரல் மாற்றிக்கொண்டவர்களுக்கு அதே ஊசி. அறுந்த நரம்பு. ஏற்றுமதியில் ஒரு மாற்றமும் இல்லை.

பரிவு நரம்பின் கதை இவ்வளவு நேராக இல்லை. கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளில் ஈரலுக்குப் போகும் பரிவு நரம்பு ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அந்த நரம்பை அழித்ததும் ஈரல் கொழுப்பு குறைந்தது. சரி, பரிவு நரம்புதான் குற்றவாளி என்று கேஸை முடித்துவிடலாமா? 2021இல் கொழுப்பு ஈரல்களை முப்பரிமாணப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தென்பட்டது. எலிகளில் நோயின் தொடக்கத்தில் பரிவு நரம்பு இழைகள் கொஞ்சம் சிதைகின்றன, கூடவே புதுக் கிளையும் விடுகின்றன. அழற்சி முற்றும்போது அந்தக் கிளையமைப்பே சரிந்துபோகிறது. மனித ஈரலிலும் நோயின் தீவிரத்துக்கேற்ப அதே சிதைவு. முதலில் இரைச்சல், பிறகு அறுந்த கம்பி என்பது என் ஊகம். ஊகம் என்ற அளவிலேயே அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே ஒரு சாரார் கிளம்பிவிடுகிறார்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டால் வேகஸைத் தூண்டும், ஈரல் கொழுப்பு கரையும் என்று கருவி விற்கிறார்கள். கொழுப்பு ஈரலுக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை எதுவும் இன்றுவரை இல்லை. பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும், 10 சதவீதம் குறைந்தால் ஈரலில் விழுந்த தழும்புகூடப் பின்வாங்கலாம். இதற்குக் கருவி வேண்டாம், ஆனால் எளிது என்று சொல்ல நான் தயாரில்லை. என் எடை எனக்குத் தெரியும்.

மருந்திலும் மூளையின் வாடை அடிக்கிறது. அழற்சியும் தழும்பும் வந்த கொழுப்பு ஈரலுக்கு செமாகுளூடைட் ஊசியை அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் அனுமதித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த மருந்து பிடித்துக்கொள்ளும் ஏற்பி ஈரல் செல்களில் இல்லையென்றே சொல்லலாம். மூளையில் இருக்கிறது. பசி அடங்குகிறது, எடை குறைகிறது, ஈரல் தேறுகிறது.

கடைசியாக ஒன்று. வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. அதாவது மூளை சொல்வதைவிடக் கேட்பதுதான் அதிகம். 2024இல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளின் ஈரலுக்குள் இருக்கும், இரவு பகல் கணக்கு வைக்கும் உடல் கடிகாரத்தை மட்டும் கெடுத்தார்கள். எலி இரவில் தின்னும் பிராணி. கடிகாரம் கெட்டதும் அது பகலில், தூங்க வேண்டிய நேரத்தில் தின்ன ஆரம்பித்தது. ஈரலிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் கிளையை வெட்டியதும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. எப்போது சாப்பிடலாம் என்று ஈரலும் மூளைக்குச் சொல்லி அனுப்புகிறது, கெட்ட ஈரல் தப்பான நேரத்தைச் சொல்கிறது. நள்ளிரவில் நாம் சமையலறை விளக்கைப் போடுவதற்கும் இதுதான் காரணமா என்று கேட்பீர்கள். எலிகளில் பார்த்ததைத்தான் சொன்னேன்.

முன்வரிசையில் ஒருவர் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.