மாண்ட்கோமரி பஸ் பாய்காட்: 381 நாள் அதை நடத்தினது யாரு?

[போட்டோ: பஸ் ஸ்டாப்ல காத்திருக்கிற மக்கள்]

ரோசா பார்க்ஸ்ங்கிற கறுப்பினப் பெண்ணோட பேரு நிறைய பேருக்குத் தெரியும். அமெரிக்காவுல அலபாமா மாநிலம், மாண்ட்கோமரி ஊரு, 1955 டிசம்பர் 1. பஸ்ல வெள்ளைக்காரருக்காக சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டேன்னு உட்கார்ந்தாங்க, அரெஸ்ட் ஆனாங்க. கதை சொல்றவங்க இங்கயிருந்து நேரா போராட்டத்துக்குத் தலைமை தாங்கின மார்ட்டின் லூதர் கிங்குக்குத் தாவிடுவாங்க. நாம நடுவுல நடந்த வேலையைப் பார்ப்போம், ஏன்னா அந்த வேலை இல்லாம, பஸ்ஸைப் புறக்கணிச்ச இந்தப் போராட்டம் ஒரு வாரம் கூட தாங்கியிருக்காது.

அன்னிக்கு ராத்திரி ஜோ ஆன் ராபின்சன்னு ஒரு இங்கிலீஷ் பேராசிரியை, ஊர்ல இருந்த பெண்கள் அரசியல் கவுன்சிலோட தலைவி, தான் வேலை பார்த்த காலேஜ் மெஷின்லயே விடிய விடிய நோட்டீஸ் அடிச்சாங்க, பல்லாயிரக்கணக்குல. திங்கட்கிழமை யாரும் பஸ் ஏறாதீங்கன்னு. மாட்டியிருந்தா வேலை போயிருக்கும். இது திடீர்னு வந்த கோபமும் இல்ல. 1954 மே மாசமே மேயருக்கு லெட்டர் போட்டு, பஸ்ல கறுப்பின மக்களை நடத்துற விதம் மாறலைன்னா பாய்காட் வரும்னு சொல்லியிருந்தாங்க, 1955 மார்ச்ல கிளாடெட் கால்வின்னு 15 வயசுப் பொண்ணும் இதே மாதிரி எந்திரிக்காம அரெஸ்ட் ஆகியிருந்தா.

[மேப்: ஊருக்குள்ள கார் நிக்கிற இடங்கள்]

பஸ்ல போறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கறுப்பின மக்கள். டிசம்பர் 5, திங்கட்கிழமை, பஸ் எல்லாம் காலியா ஓடுச்சு. சாயங்காலம் சர்ச்ல ஆயிரக்கணக்குல கூடி, தொடரலாம்னு முடிவு பண்ணாங்க. சரி, தினம் வேலைக்குப் போகணுமே? முதல்ல கறுப்பின டாக்ஸிக்காரங்க பஸ் டிக்கெட் காசு 10 சென்ட்டுக்கே ஏத்திக்கிட்டாங்க, உடனே ஊர் நிர்வாகம் குறைஞ்சபட்ச கட்டணச் சட்டத்தைக் காட்டி மிரட்டுச்சு. அப்புறம்தான் கார்பூல், அதாவது கார் வச்சிருக்கிறவங்க மத்தவங்களையும் ஏத்திக்கிட்டுப் போறது. 1953ல லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜ் ஊர்ல இப்படி ஒரு பாய்காட் நடந்திருந்துச்சு, அங்க இருந்தவங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, சுமார் 300 காரு, ஏத்துற இடம், இறக்குற இடம், நேரம்னு எல்லாம் திட்டம் போட்டாங்க. எதிர்த்தவங்க கார் இன்சூரன்ஸை கேன்சல் பண்ண வச்சாங்க, இவங்க லண்டன் லாய்ட்ஸ்ங்கிற இன்சூரன்ஸ் சந்தை மூலமா வேற இன்சூரன்ஸ் வாங்கினாங்க!

பெட்ரோலுக்குக் காசு? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு வர்றாங்க, ஜார்ஜியா கில்மோர். ஒரு ஹோட்டல்ல சமையல் வேலை. சில பெண்களைச் சேர்த்துக்கிட்டு சிக்கன் சாண்ட்விச், கேக், பை (pie) எல்லாம் செஞ்சு வித்து, வர்ற காசை வாரக் கூட்டத்துல கொண்டுவந்து கொடுப்பாங்க. அந்தப் பெண்கள்ல பலர் வெள்ளைக்காரங்க வீட்டு வேலைக்காரங்க, பேரு வெளிய வந்தா பொழப்பு போச்சு, அதனால குழுவுக்கு 'எங்கிருந்தோ வந்த கிளப்'ங்கிற மாதிரி ஒரு பேரு. 1956ல பாய்காட் நடத்தினதுக்காக கிங் மேல நடந்த வழக்குல கில்மோர் கோர்ட்ல ஏறி பஸ் டிரைவர் தன்னை நடத்தின விதத்தைச் சொன்னாங்க, வேலை போச்சு. வீட்டுலயே சமைச்சு விக்க ஆரம்பிச்சாங்க, கிங்கே அங்க வந்து சாப்பிடுவாரு.

[கோர்ட் கட்டடம்]

1956 நவம்பர் 13, கார்பூலையே தடை பண்ணச் சொல்லி ஊர் நிர்வாகம் போட்ட கேஸ் நடந்துக்கிட்டிருக்கு, அந்த நேரத்துலதான் வெள்ளைக்காரரையும் கறுப்பின மக்களையும் பஸ்ல தனித்தனியா உட்கார வைக்கிற இனப் பிரிவினை செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன சேதி வருது. அந்த வழக்குல கால்வினும் ஒரு மனுதாரர். ஆனா ஆர்டர் கையில வர டிசம்பர் 20 ஆச்சு, கார்பூலுக்கும் தடை வந்துடுச்சு. அந்த ஒரு மாசத்துக்கு மேல, பக்கத்து வீட்டுக் காரைப் பங்கு போட்டுக்கிட்டும் நடந்தும்தான் வேலைக்குப் போனாங்க.