முழவும் மந்தியும்

நேயர்களுக்கு வணக்கம். திருவையாறு ஐயாறப்பர் கோயில் பிரகாரத்தில் ஓரிடத்தில் நிறுத்தி, 'ஐயாறா' என்று கூப்பிடச் சொல்வார்கள். கூப்பிட்ட குரல் திரும்பத் திரும்ப வரும். அந்த ஊரைப் பற்றிச் சம்பந்தர் பாடிய முதல் திருமுறைப் பாட்டிலும் இரண்டு சொற்கள் அப்படித் திரும்பி வருகின்றன.

"புலனைந்தும் பொறிகலங்கி நெறிமயங்கி அறிவழிந்திட்டு ஐம்மேல் உந்தி
அலமந்த போதாக அஞ்சேல்என்று அருள்செய்வான் அமரும் கோயில்
வலம்வந்த மடவார்கள் நடமாட முழவதிர மழைஎன்று அஞ்சிச்
சிலமந்தி அலமந்து மரமேறி முகில்பார்க்கும் திருவையாறே."

எதுகையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையே சொல்லிவிடும். புலன், அலம், வலம், சில: நான்கடியிலும் இரண்டாம் எழுத்து லகரம். அடிக்கு ஆறு சீர். மூன்று அசை கொண்ட காய்ச்சீர் நான்கு, இரண்டே அசை கொண்ட மாச்சீர் இரண்டு. இதோடு எழுந்து போய்விடுகிற உரைகளை நானும் நிறையக் கேட்டு அலுத்திருக்கிறேன்.

முதலடியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'பொறிகலங்கி நெறிமயங்கி அறிவழிந்திட்டு': மூன்று சீரிலும் ஒரு நெடில்கூடக் கிடையாது. மூச்சிரைக்க ஓடுகிறது. உடனே 'ஐம்மேல் உந்தி'. ஐ என்றால் கோழை. சாகக் கிடப்பவர் தொண்டையில் கோழை ஏறுகிற இடத்தில் சீர் குறுகிவிடுகிறது. ஐ, மே என்று நெடில் இழுக்கிறது.

அவர் அலமருகிறார், அதாவது கலங்கிச் சுழல்கிறார். கடைசி அடியில் குரங்கும் அலமருகிறது. அவருக்கு இறைவன் சொல்வது 'அஞ்சேல்', பயப்படாதே என்று; குரங்கோ 'அஞ்சி'. எதுகைக்காக வந்து விழுந்த சொற்கள் என்று தள்ள முடியாது. 'சிலமந்தி' என்றதுமே எதுகைக் கணக்கு தீர்ந்துவிட்டது. 'அலமந்து' அதற்கு மேல் போட்டது. அஞ்சேலும் அஞ்சியும் அடியின் தலையிலேயே இல்லை. யாப்பு கேட்காமலே வைத்திருக்கிறார்.

குரங்கு பயந்தது இடியென்று நினைத்து. அது இடியே இல்லை. கோயிலில் பெண்கள் ஆட அடித்த முழவு. அப்படியானால் அந்த மனிதரின் பயம்? சம்பந்தர் வாயைத் திறக்கவில்லை. குரங்கை மரத்தில் ஏற்றிவிட்டதோடு சரி.

சம்பா அறுப்பில், களத்தில் நெல் கிடக்கும்போது, எங்கோ உருண்ட சத்தத்துக்கு ஓடிவந்து வானத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மந்தி சொந்தக்காரர்தான்.

பதிகத்தின் பண் மேகராகக்குறிஞ்சி, பெயரிலேயே மேகம். ஓதுவார்கள் இன்று நீலாம்பரியில் பாடுகிறார்கள். அடுத்த முறை கேட்கும்போது, 'முழவதிர' வருகிற இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.