சத்திரக்காரர் எந்த அதிகாரத்தில் வருகிறார்?

[திரையில்: சண்டே ஸ்கூல் மேடை. அட்டைப் பெட்டியில் வெட்டிய கதவு.]

சின்ன வயசில் எங்கள் சபைக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் எனக்குக் கிடைத்தது சத்திரக்காரர் வேஷம். யோசேப்பு வந்து கதவைத் தட்டுவான், நான் அப்பாவின் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்து, "இடமில்லை, போ!" என்று கத்த வேண்டும். மொத்தமே ஒரு வசனம். அதுவும் பைபிளில் இல்லாத வசனம் என்பது ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

சந்தேகமா இருந்தால் பைபிளில் இயேசு பிறந்த கதையைச் சொல்லும் லூக்கா 2ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சத்திரக்காரர் இல்லை. கழுதை இல்லை, மாட்டுக் கொட்டகையும் இல்லை. "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால், பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்" என்று 7ஆம் வசனம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. முன்னணை என்றால் மாட்டுக்குத் தீவனம் போடும் தொட்டி. பைபிளுக்கு வெளியே யாரும் இந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. தொட்டி இருந்தால் தொழுவம் இருந்திருக்கும், தொழுவம் என்றால் ஊருக்கு வெளியே, ராத்திரி, குளிர் என்று மீதியை நாமே கட்டிக்கொண்டோம்.

அதற்கு முந்தின வசனத்தை யாரும் கவனிப்பதே இல்லை. "அவ்விடத்திலே அவர்கள் இருக்கையில்" பிரசவகாலம் வந்தது என்கிறது. அதாவது வந்து இறங்கின ராத்திரியே வலி எடுத்து, வீடு வீடாகக் கதவைத் தட்டின கதை அங்கே இல்லை. ஏற்கெனவே எங்கேயோ தங்கியிருக்கிறார்கள். எங்கே?

[திரையில்: இரண்டு கிரேக்கச் சொற்கள், தமிழ் எழுத்தில்.]

இங்கேதான் விஷயம். லூக்கா எழுதின கிரேக்கத்தில் 2:7ல் இருக்கும் சொல் கட்டாலுமா. தங்கும் இடம், விருந்தினருக்கான அறை என்று பொதுவான பொருள். காசு கொடுத்துத் தங்குகிற சத்திரத்துக்கு லூக்காவிடம் வேறு சொல் இருக்கிறது, பந்தோகெயோன். நல்ல சமாரியன் கதையில், அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிற இடம் அதுதான். நம் தமிழ் பைபிள் இரண்டையும் சத்திரம் என்றே போட்டதால் வித்தியாசம் நமக்குத் தெரியாமல் போய்விட்டது. லூக்காவில் சத்திரக்காரர் இல்லாமல் இல்லை, ஆனால் அவர் வருவது 10ஆம் அதிகாரத்தில், அங்கே அவர் யாரையும் விரட்டவில்லை, இரண்டு பணம் வாங்கிக்கொண்டு காயம்பட்டவனைப் பார்த்துக்கொள்கிறார்!

சரி, அப்படியானால் 2:7ல் இடமில்லாமல் போனது ஒரு வீட்டின் விருந்தினர் அறையில் என்று படிக்கலாம். எகிப்து, லெபனான், எருசலேம் என்று மத்தியக் கிழக்கில் 40 வருஷம் பாடம் நடத்தின வேத அறிஞர் கென்னத் பெய்லி இதைத்தான் விடாமல் வாதாடினார். யோசேப்பு தாவீது ராஜாவின் வம்சத்தான், தாவீதின் ஊரான பெத்லகேமுக்கே வருகிறான், கூட நிறைமாதக் கர்ப்பிணியாக மரியாள். அந்த ஊரில் ஒரு கதவுகூடத் திறக்காதா? நம்ம ஊரிலேயே, "இன்னார் பேரன்" என்று சொன்னால் போதும், சாப்பாடு போடாமல் விடமாட்டார்கள்.

[திரையில்: ஒற்றை அறை வீட்டின் வரைபடம்.]

வீட்டைக் கொஞ்சம் பாருங்கள். அந்தக் காலத்துச் சாதாரண வீட்டில், விருந்தினர் அறை தனியாக இருந்தாலும், குடும்பம் புழங்குவது பெரும்பாலும் ஒரே பெரிய அறையில்தான். ஒரு பக்கம் தரை சற்று உயரம், குடும்பம் சமைப்பதும் படுப்பதும் அங்கே. வாசல் பக்கம் தாழ்வான பகுதி, ராத்திரியில் மாட்டையும் கழுதையையும் உள்ளே ஓட்டிவந்து கட்டுவார்கள், திருட்டுப் பயமும் இல்லை, குளிர்காலத்தில் வீட்டுக்குக் கதகதப்பும் ஆச்சு. தொட்டி இந்த இரண்டுக்கும் நடுவில், உயரமான தரையின் ஓரத்திலேயே இருக்கும். 1 சாமுவேல் 28ல் எந்தோர் ஊர்ப் பெண்ணிடம் கொழுத்த கன்றுக்குட்டி "வீட்டில்" இருந்தது என்று வருவது இப்படிப்பட்ட வீட்டை மனதில் வைத்துப் படித்தால்தான் புரியும். அப்படியென்றால் பிள்ளை கிடந்தது ஊருக்கு வெளியே அல்ல, ஜனம் நெருக்கியடித்துப் படுத்திருந்த ஒரு வீட்டின் நட்டநடுவில். குகையில் பிறந்தார் என்ற மரபும் மிகப் பழையது, 2ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது, அதை நான் தள்ளவில்லை. பெத்லகேம் பக்கம் குகையை ஒட்டி வீடு கட்டிக்கொள்வதும் உண்டு.

அப்புறம் அந்த மாடும் கழுதையும்? அவை பழைய ஏற்பாட்டில், ஏசாயா 1:3லிருந்து வந்தவை. "மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்." அதே முன்னணை! 1223ல் இத்தாலியின் கிரேச்சியோவில் அசிசியின் பிரான்சிஸ் என்ற துறவி வைக்கோல் பரப்பி, நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி கிறிஸ்துமஸ் கொண்டாடினார். நம் வீட்டுக் குடிலில் பிளாஸ்டிக் மாடு நிற்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஏசாயாவின் வசனம் அங்கே முடியவில்லை, "இஸ்ரவேலோ அறிவில்லாமலும்" என்று திட்டுதான் அடுத்து வருகிறது. குடிலுக்குள் அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

கட்டாலுமா லூக்காவில் இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, 22:11. பிடிபடுவதற்கு முந்தின வேளை, சீஷரோடு பஸ்கா என்ற யூதப் பண்டிகை விருந்தைச் சாப்பிட இடம் எங்கே என்று இயேசு ஆளனுப்பிக் கேட்கிறார். அங்கே கேட்கிற சொல் இதே கட்டாலுமா. பிறந்தபோது நிரம்பியிருந்தது. இப்போது கம்பளம் விரித்து, ஆயத்தமாக, காலியாக இருக்கிறது, பந்தியிருக்கச் சொல்லி அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கிறவரும் அவரே. லூக்கா தெரிந்துதான் எழுதினாரா என்று வாக்குவாதம் பண்ணலாம். எனக்கு அவர் தெரிந்துதான் எழுதினார்.

[திரையில்: மறுபடி அட்டைக் கதவு. இந்த முறை திறந்திருக்கிறது.]

இந்த வருஷம் சபை நாடகத்தை எழுதச் சொல்லி என்னிடம் தந்துவிட்டார்கள். சத்திரக்காரரைத் தூக்கிவிட்டேன். உடனே ஒரு அம்மா வந்து, "எங்க பையனுக்கு வேற வேஷமே இல்லையே தம்பி" என்று நின்றார். அதனால் அவன் இப்போது வீட்டுக்காரர். தொட்டியில் கிடக்கும் பழைய வைக்கோலை அள்ளிப் போட்டுவிட்டு, புதுசைப் பரப்ப வேண்டும். வசனம் எதுவும் கிடையாது.